செவிப்பறைக்குப் பின்னால்

உடையார்கட்டு
11 பெப்ரவரி 2024

தர்மிளா,

இல்லை, வலி இல்லை. வலித்தால் சொல்லியிருப்பேன். வலிக்காத ஒன்றைப் பற்றி நீ ஏன் இவ்வளவு கேட்கிறாய் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

சத்தம் மட்டும். வலது காதுக்குள் யாரோ சப்பாத்துப் போட்டு நடக்கிற மாதிரி. ஒரே சீராக. நான் படியேறினால் அவரும் வேகமாக ஏறுகிறார். தொழிற்சாலையில் தையல் மெஷின்கள் ஓடும்போது தெரியாது. சாப்பாட்டு மணி அடித்து எல்லாம் நின்றதும் தொடங்கிவிடும். சில நேரம் திரும்பிப் பார்த்துவிடுகிறேன். லைனில் இருக்கும் பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

தொலைபேசியில் இனிக் கூப்பிடாதே. வலது பக்கம் வைத்தால் உன் குரலுக்கு மேலே அந்த நடை. இடது காது எப்போதோ மந்தம். நீ கத்த, நான் கத்த, உன் அத்தான் குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருப்பார். வட்ஸ்அப்பும் வேண்டாம். அந்தப் போன் இரண்டு பேருடையது. எழுது. ஆறுதலாக வாசித்துக்கொள்வேன்.

பொங்கலுக்கு வந்தபோது அந்தச் சின்னக் குழாயை என் காதுக்குள் விட்டுப் பார்த்தாய். பார்த்ததும் கதையை நிறுத்தினாய். பிறகு "ஒண்டுமில்லை அக்கா" என்றாய். மூக்கைத் தொட்டுக்கொண்டு சொன்னாய். நீ பொய் சொல்லும்போது சின்னதிலிருந்தே அப்படித்தான். ஒன்றுமில்லை என்றால் எதற்குப் படம் எடுத்தாய்? அந்தப் படம் இப்போது யாரிடம் இருக்கிறது?

அத்தான் சொல்வது இது: "ஷெல் சத்தத்தில போன காது. இந்த ஊரில ஆருக்குத்தான் இரையேல்லை? உன்ர தங்கச்சி அந்த நேரம் இஞ்ச இல்லை. அதுதான் டொக்டரம்மாவுக்கு எல்லாம் புதுசாக் கிடக்கு."

அவர் சொல்வது பிழையென்று எனக்குத் தோன்றவில்லை.

சுமித்திரா


கண்டி
19 பெப்ரவரி 2024

அக்கா,

படம் என்னிடம் இருக்கிறது. காது மூக்கு தொண்டைப் பிரிவில் எனக்கு மேலே உள்ள பெரிய டொக்டரிடம் காட்டினேன். அவர் மாணவர்களுக்குக் காட்டினார். பெயர் சொல்லவில்லை. அவர்கள் பார்த்தது ஒரு செவிப்பறை. அதற்குப் பின்னால் ஒரு சிவப்பு. கேட்டபடியால் சொல்கிறேன்.

நல்ல செவிப்பறை எண்ணெய்த்தாள் மாதிரி இருக்கும். உங்களுடையதற்குப் பின்னால், கீழ்ப்பக்கத்தில், மாதுளை முத்துப் போல ஒன்று. அது துடித்தது. அப்போது உங்கள் கையைப் பிடித்து நாடி பார்த்தேன். இரண்டும் ஒன்றாக அடித்தன. காதுக்குள் நடப்பது வேறு யாருமில்லை. உங்கள் இரத்தம்.

ஷெல் சத்தத்தில் கெட்ட காது இரையும். கூவும். நாடியோடு சேர்ந்து நடக்காது.

இவற்றுக்குப் பதில் வேண்டும். முகத்தின் ஒரு பக்கம் இழுக்கிறதா? விழுங்கும்போது தடக்குகிறதா? குரல் மாறியதா? காரணமில்லாமல் வியர்க்கிறதா, நெஞ்சு படபடக்கிறதா? நான் நேரில் பார்க்கும்வரை வேறு யாரையும் காதுக்குள் கை வைக்க விடாதீர்கள். இது முக்கியம்.

அத்தான் சொன்னது சரி. நான் அங்கே இல்லை. 2006 ஓகஸ்ட் லீவுக்கு ஹட்டனில் மாமி வீட்டுக்கு அனுப்பினீர்கள். சண்டை தொடங்கி வன்னிக்கான பாதையைப் பூட்டிவிட்டார்கள். எனக்குப் பதினொரு வயது. நான் கேட்டா போனேன்? மறுபடி உங்களைக் கண்டது 2009இல், அகதி முகாம் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று. அப்பா இல்லை. அம்மா கதைப்பதைக் குறைத்திருந்தா. நடந்ததை நீங்கள் இருவரும் சொல்லவில்லை. அம்மா போய் நான்கு வருடம். நீங்கள் இன்னும் சொல்லவில்லை.

தர்மிளா


உடையார்கட்டு
2 மார்ச் 2024

தர்மிளா,

உன் கடிதம் பிந்திவிட்டது. உறையின் ஒட்டு ஒரு பக்கம் திறந்திருந்தது. நீதான் சரியாக ஒட்டவில்லையா, எழுது.

காது அடைத்த மாதிரி இருந்தது. அத்தான் வவுனியாவில் ஒரு தனியார் கிளினிக்குக்குக் கூட்டிப்போனார். அங்கிருந்த டொக்டர் லைட் அடித்துப் பார்த்தார்.

"பின்னால கிருமி கட்டியிருக்கு. சின்னனா ஒரு ஓட்டை போட்டு இழுத்துவிட்டாச் சரி. ஒரு நிமிச வேலை."

அந்த ஒரு நிமிடத்தில் அவருடைய கையுறை முழுக்கச் சிவப்பு. என் சட்டை, கழுத்து, கதிரை. பஞ்சை வைத்து வைத்து அழுத்தினார். என்னைவிட அவருக்குத்தான் முகம் வெளுத்திருந்தது. அத்தான் வெளியிலிருந்து ஓடிவந்தார்.

"என்ன செய்தனீங்கள்? காதுக்குள்ள ஆட்டையே அறுத்தனீங்கள்?"

ஆஸ்பத்திரியில் மறித்து வைத்திருந்து, பிறகுதான் வீட்டுக்கு விட்டார்கள். காதுக்குள் துணி இன்னும் இருக்கிறது. வீட்டுக்கு வந்து பார்த்தால் உன் கடிதம் மேசையில். யாரையும் கை வைக்க விடாதே என்று.

உன் கேள்விகள். முகம் சரி. விழுங்குவது சரி. குரல் சரி. வியர்வை: சிவில் உடுப்பில் புலனாய்வுக்காரர் மோட்டார் சைக்கிளில் வந்து, "வீட்டில ஆர் ஆர் இருக்கிறியள்? முந்தி எங்க இருந்தனீங்கள்?" என்று கேட்டுப் போகும் நாட்களில் இந்த ஒழுங்கையில் எல்லாருக்கும் வியர்க்கும். அது உன் புத்தகத்தில் இருக்காது.

எனக்கும் ஒரு கேள்வி. துளை போடுவதற்கு முன்னால் அந்த டொக்டர் என் காதுக்குக் கீழே, கழுத்துப் பக்கம், விரலால் தடவிப் பார்த்தார். அது வழமையா? எதைத் தேடுவார்கள்?

சுமித்திரா


கண்டி
8 மார்ச் 2024

அக்கா,

கடிதத்தை வார்ட்டில் நின்று வாசித்தேன்.

நான் பயந்தது இதற்குத்தான். அது கிருமி இல்லை. குளோமஸ் கட்டி என்று பெயர். நடுச்செவியில் வரும். முழுக்க நுண்ணிய இரத்தக் குழாய்கள். குத்தினால் நிற்காது. அரிதானது. சாதாரண கிளினிக் டொக்டர் ஒருவர் வாழ்நாளில் ஒன்றைக்கூடப் பார்க்காமல் ஓய்வு பெறலாம். அவரைத் திட்டி எழுதத் தொடங்கினேன், பிறகு அழித்தேன்.

பெரும்பாலும் புற்றுநோய் இல்லை. மிக மெதுவாக வளரும். ஆனால் வளரும். எங்கிருந்து தொடங்கியது என்பதுதான் எல்லாம். நடுச்செவிக்குள்ளேயே இருந்தால் காதுத் துவாரம் வழியாகவே எடுத்துவிடலாம். கீழே, மண்டையோட்டு அடியில் ஓடும் பெரிய நாளத்திலிருந்து ஏறி வந்திருந்தால் வேறு கதை. முகம், விழுங்குவது, குரல் எல்லாவற்றுக்குமான நரம்புகள் அங்கேதான். வெளியிலிருந்து பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது. உள்ளே படம் எடுக்க வேண்டும்.

சில கட்டிகள் இரத்த அழுத்தத்தை ஏற்றும் சுரப்பை விடும். அதற்கு ஒரு முழு நாள் சிறுநீரைச் சேர்த்துப் பரிசோதிக்க வேண்டும். அதற்கான சீட்டை இணைத்திருக்கிறேன்.

கழுத்தைத் தடவியது, இதே வகைக் கட்டி கழுத்திலும் வரலாம் என்பதால். உங்கள் கழுத்தில் ஏதாவது தட்டுப்படுகிறதா?

என்னோடு படித்த சாருஜன் யாழ்ப்பாணத்தில் ஸ்கான் பிரிவில் இருக்கிறான். அவனைப் பிடித்து எம்.ஆர்.ஐ.க்கு ஏப்ரல் 24 எடுத்துவிட்டேன். சாதாரணமாக மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அது பெரிய காந்தம். ஒரு குழாய்க்குள் படுத்திருப்பதுதான் வேலை. உடம்பில் இரும்பு ஏதும் இருக்கிறதா என்று கேட்பார்கள். சாருஜன் போனில் கேட்டபோதே இல்லை என்று சொல்லிவிட்டேன். அங்கேயும் கேட்பார்கள். இல்லை என்று சொல்லுங்கள், அவ்வளவுதான்.

உறையை நான் சரியாகத்தான் ஒட்டினேன்.

தர்மிளா


உடையார்கட்டு
17 மார்ச் 2024

தர்மிளா,

உன் பரிசோதனைக்காக ஒரு நாள் முழுவதையும் பிளாஸ்டிக் கானில் பிடித்தேன். தொழிற்சாலையில் லீவு தரவில்லை. கானைத் துணிப்பைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினால், பக்கத்தில் இருந்த விமலேஸ்வரி எட்டிப் பார்த்து, "என்னடி, நெல்லி ரசமே? தனியக் குடிக்காமல் எங்களுக்கும் ஊத்தன்" என்கிறாள். ஓம், பின்னேரம் தாறன் என்றேன். முடிவு வந்துவிட்டது. சுரப்பு ஒன்றும் கூட இல்லை என்று எழுதியிருக்கிறார்கள்.

அதோடு போதும். துணியும் எடுத்தாயிற்று. இரத்தம் இல்லை. நடை இருக்கிறது. இருக்கட்டும். அதோடு இருந்து பழகிவிட்டேன்.

படம் வேண்டாம்.

அரிதானது என்று எழுதியிருந்தாய். அந்தச் சொல்லை நீ எழுதிய விதத்தைப் பார்த்தேன். அரிதானது என்றால் உன் பரீட்சைக்கு உதவுமா? மாணவர்களுக்குக் காட்ட இன்னொரு படம் வேண்டுமா?

என் கழுத்தில் ஒன்றும் இல்லை. அதை இனிக் கேட்காதே.

சுமித்திரா


கண்டி
23 மார்ச் 2024

அக்கா,

ஆம், அரிதானது. ஆம், இதைப் பற்றி எழுதினால் என் பெயர் எங்கேயாவது அச்சில் வரும். அதை ஒருபோதும் நினைக்கவில்லை என்று எழுதுவதென்றால் மூக்கைத் தொட்டுக்கொண்டுதான் எழுத வேண்டும். ஒரு தரம் நினைத்தேன். வெட்கமாக இருந்தது.

ஆனால் நீங்கள் மறுப்பது அதற்காக இல்லை. காதுக்குள் குழாய் விட விட்டீர்கள். ஊசி போட விட்டீர்கள். யாரோ ஒருவர் குத்தவும் விட்டீர்கள். படம் என்றதும் மட்டும் பின்வாங்குகிறீர்கள். ஏன்?

அத்தானா? பிரதாபன் அத்தான் தடுக்கிறாரா? அவர் அடிக்கிறாரா? ஒரு பொம்பிளையின் உடம்பில் படத்தில் தெரியக்கூடியது என்ன என்பதை வார்ட்டில் நாங்கள் பார்க்காத வாரம் இல்லை. பழைய முறிவுகள். சொல்லுங்கள்.

கட்டி எலும்பைத் தின்றுகொண்டே போகும். ஒரு நாள் கண்ணாடியில் வாய் ஒரு பக்கம் சரிந்திருக்கும். அன்றைக்கு என்னைக் கூப்பிட்டால் நான் செய்யக்கூடியது கொஞ்சம்தான்.

24ஆம் திகதி போவீர்களா? ஓம் அல்லது இல்லை.

தர்மிளா


உடையார்கட்டு
31 மார்ச் 2024

தர்மிளா,

அத்தான் அடிப்பதில்லை. அப்படி எழுதியதற்கு வெட்கப்படு.

அந்த வரியை அவர் வாசித்தார். தபாற்காரரிடமிருந்து கடிதத்தை வாங்கியது அவர். வாசித்து, திரும்ப மடித்து, என் தையல் பெட்டிக்குள் வைத்தார். ஒட்டைப் பிரித்தது யார் என்று இனி நீ யோசிக்கத் தேவையில்லை. "உன்ர தங்கச்சிக்கு நான் ஆரெண்டு வடிவா விளங்கியிருக்கு" என்றார். லாண்ட்மாஸ்டர் உழவு மெஷினை எடுத்துக்கொண்டு வயலுக்குச் சூடடிக்கப் போனவர் பொழுதுபட்டுத்தான் வந்தார். சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டார். இனி உன் கடிதம் வந்தால் ஒளிக்காமலே பிரிப்பார்.

வேறு ஒரு விஷயம். எனக்காக இல்லை. எங்கள் லைனில் ஒரு பிள்ளை இருக்கிறாள். தலையிடி என்று அவளுக்கும் இதே படம் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். அவளுக்குள் ஒரு ஷெல் துண்டு இருக்கிறது. சின்னது. பழையது. வெளியில் தெரியாது.

காந்தம் என்று எழுதியிருந்தாய். பள்ளிக்கூடத்தில் இரும்புத் தூளைக் கடதாசியில் கொட்டி அடியில் காந்தம் வைத்துக் காட்டுவார்களே, அது மாதிரியா?

கேட்கும் இடத்தில் அவள் இல்லை என்றுதான் சொல்வாள். எல்லோருக்கும் அப்படித்தான் சொல்லி வருகிறாள். வாய் தானாகச் சொல்லிவிடும். இல்லை என்று சொல்லிவிட்டு உள்ளே போனால் அவளுக்கு என்ன ஆகும்?

சுமித்திரா


கண்டி
5 ஏப்ரல் 2024

அக்கா,

அந்தப் பிள்ளையைப் போக வேண்டாம் என்று சொல்லுங்கள்.

பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. பழைய துண்டைச் சுற்றி உடம்பு ஓர் உறை கட்டி இறுக்கிவிடும். ஆனால் கண்ணுக்குப் பக்கத்தில், முதுகெலும்புக்குப் பக்கத்தில், பெரிய இரத்தக் குழாய்க்குப் பக்கத்தில் இருந்தால் யாரும் அதற்குத் துணிவதில்லை. காந்தம் இழுக்கலாம். திருப்பலாம். ஒரு மயிரளவு அசைந்தாலே போதும்.

இவ்வளவையும் மத்தியானம் எழுதினேன். ஒரு டொக்டர் எழுதும் பதில். எழுதிவிட்டு வார்ட்டுக்குப் போனேன். ஒரு கிழவருடைய காதைக் கழுவிக்கொண்டிருக்கும்போது கை நின்றுவிட்டது. அவர் "என்ன பிள்ளை, முடிஞ்சுதோ?" என்று கேட்டார். திரும்பி வந்து உங்கள் எல்லாக் கடிதங்களையும் முதலிலிருந்து வாசித்தேன்.

அந்தப் பிள்ளைக்கு அது எங்கே இருக்கிறது? அவளுடைய பெயர் வேண்டாம். எப்படி வந்தது என்பதும் வேண்டாம். இடம் மட்டும்.

இல்லை என்று அவள் இன்னும் சொல்லவில்லை. அவளுக்காக யாரோ ஒருத்தி போனில் சொல்லிவிட்டாள். கேட்காமலே. அந்த ஒருத்தி படித்தவள் என்று பெயர்.

24ஆம் திகதியை நிறுத்திவிட்டேன்.

தர்மிளா


உடையார்கட்டு
14 ஏப்ரல் 2024

தர்மிளா,

வருடப் பிறப்பு. அத்தான் கோயிலுக்குப் போயிருக்கிறார். வீட்டில் யாரும் இல்லை.

வலது பக்கம். காதுக்குக் கீழே, மயிர் முடிகிற இடத்தில். உள்ளுக்கு. அரிசி அளவு என்று அந்த நேரம் மருந்து கட்டியவன் சொன்னான்.

அந்தப் பிள்ளையை 2009 தையில் வீட்டிலிருந்து இயக்கம் கொண்டுபோனது. வீட்டுக்கு ஒருவர் என்றார்கள். தாய் ஒழுங்கை முடியும்வரை பின்னால் ஓடினா. தலைமயிரைக் கட்டையாக வெட்டினார்கள். துவக்கைப் பிடிக்கச் சரியாகப் பழக முதல் ஷெல் விழுந்தது. பக்கத்தில் இருந்த இரண்டு பிள்ளைகளும் எழும்பவில்லை. இவள் எழும்பி, எல்லோரும் ஓடிய பக்கத்துக்கு ஓடினாள். தாயைக் கண்டுபிடித்தாள். அதை இப்போதும் அவளால் நம்ப முடிவதில்லை.

தாய் தன் சேலையைக் கிழித்து அவளுடைய தலையைச் சுற்றிக் கட்டினா. காயத்துக்காகவும், கட்டை மயிருக்காகவும். ஓமந்தையில் ஆமிக்காரர் ஒலிபெருக்கியில் சொன்னார்கள், இயக்கத்தில் ஒரு நாள் இருந்திருந்தாலும் வந்து பதியச் சொல்லி. பதியப் போனவர்களைப் பஸ்ஸில் ஏற்றித் தனியாகக் கொண்டுபோனார்கள். தாய் அவளுடைய கையை விடவில்லை. "இல்லை எண்டு சொல்லு. ஆர் கேட்டாலும் இல்லை எண்டு சொல்லு."

முகாமில் கேட்டார்கள். இல்லை. ஊருக்குத் திரும்பி வந்தபோது கேட்டார்கள். இல்லை. கலியாணம் பேச வந்த இடத்தில், மாப்பிள்ளையின் பெரியம்மா தாயைக் குசினிக்குள் கூப்பிட்டு, "பிள்ளை அதில கிதில நிண்டதோ? காயம் ஏதும்?" என்று கேட்டா. தாய் சிரித்துக்கொண்டே இல்லை என்றா. ஆகவே கணவனுக்கும் அதே பதில்தான். அவன் பின்னலை ஒதுக்கும்போது அவள் தலையைத் திருப்பிக்கொள்வாள். கூச்சம் என்று நினைக்கிறான்.

அவளுக்கு ஒரு தங்கச்சி இருக்கிறாள். தப்பினவள். அவளிடமும் ஒன்றைக் கொடுத்துச் சுமக்க விட வேண்டாம் என்று தாய் சொல்லியிருந்தா.

அந்தப் பிள்ளை நினைப்பது இது. கட்டி என்று ஒன்றும் இல்லை. நடப்பது அந்த இரும்புதான். கழுத்திலிருந்து காதுக்கு ஏறி வருகிறது. படம் எடுத்தால் எல்லோருக்கும் தெரியும். பிறகு எங்கே பட்டது, எப்போது பட்டது, யாரோடு நின்றாய் என்று தொடங்கும். அந்தப் படத்தை யார் யாருக்கு அனுப்புவார்கள் என்று உனக்குத் தெரியுமா? உன் போனில் எடுத்ததே ஒரு வகுப்புக்குப் போனது.

சுமித்திரா


கண்டி
20 ஏப்ரல் 2024

அக்கா,

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ஆகவே தெரிந்ததை எழுதுகிறேன்.

இரும்பு நடக்காது. அதற்கு நாடி இல்லை. அந்தப் பிள்ளையின் காதைப் பார்த்த ஒருத்தி, பறைக்குப் பின்னால் துடித்த சிவப்பைத் தன் கண்ணால் கண்டாள். குத்தியபோது கொட்டியது இரும்பிலிருந்து இல்லை. அவளுக்குள் இரண்டு பொருட்கள் இருக்கின்றன. ஒன்று வெளியிலிருந்து வந்து பதினைந்து வருடமாகச் சும்மா கிடக்கிறது. மற்றது அவளுடைய சொந்தச் சதை. அது வளர்கிறது. ஒன்றை மறைப்பதற்காக மற்றதை வளர விடுகிறாள்.

காந்தம் தேவையில்லை. சி.ரி. ஸ்கான் போதும். அது எக்ஸ்ரே மாதிரி. எதையும் இழுக்காது. நடுச்செவியின் எலும்பை அதைவிட வடிவாகக் காட்டுவது வேறில்லை. சிறுநீரில் ஒன்றுமில்லை என்பதும் நல்ல செய்தி.

ஆனால் துண்டும் தெரியும். வெள்ளைப் புள்ளியாக. ஒளிக்க மாட்டேன். வன்னியிலிருந்து வரும் படங்களில் அப்படிப் புள்ளிகள் வருவது புதிதில்லை, யாரும் நிமிர்ந்து பார்ப்பதும் இல்லை என்று சாருஜன் சொல்கிறான். பெயர் சொல்லிக் கேட்கவில்லை. நம்புவதும் விடுவதும் அவளுடைய விருப்பம். நான் அவளாக இருந்தால் நம்புவேனா என்று எனக்கும் தெரியவில்லை.

மே 9, காலை, யாழ்ப்பாணத்தில். நான் வரட்டா?

தர்மிளா


உடையார்கட்டு
12 மே 2024

தர்மிளா,

முதலே எழுதினால் வந்து நிற்பாய் என்று பிந்தி எழுதுகிறேன். போய் வந்துவிட்டேன். அத்தானுக்குக் காதுக் கிளினிக் என்று சொன்னேன். பரந்தனில் பஸ் மாறி, தனியாக.

படம் எடுக்கும் இடத்தில் ஒரு பெடியன். கையில் பேனையோடு, என்னை நிமிர்ந்து பார்க்காமல் கேட்டான்.

"உடம்பில ஷெல் பீஸ், துவக்குச் சன்னம், தகடு ஏதும் இருக்கோ அம்மா?"

இல்லை என்பது வாய்வரை வந்துவிட்டது. அவன் மறுபடி கேட்டான். பின்னால் வரிசையில் ஒரு கிழவி இருமினா.

"ஓம்," என்றேன்.

"எங்க?"

"கழுத்தில. வலப்பக்கம்."

எழுதினான். ஒரு சொல்லோடு நிற்காமல் இன்னும் எழுதினான்.

"என்ன எழுதினீங்கள் தம்பி?"

"என்னம்மா?"

"எழுதினதை வாசிச்சுக் காட்டுங்கோ."

அப்போதுதான் நிமிர்ந்தான். கோபப்படுவான் என்று நினைத்தேன். "வலது கழுத்து, உலோகம், பழையது. அவ்வளவுதான். படத்தில அந்த இடம் மினுங்கும், டொக்டர் குழம்பக்கூடாது எண்டு."

"எப்ப, எப்பிடி எண்டு எழுதேல்லையோ?"

"அது எங்களுக்கு என்னத்துக்கு? தோட்டைக் கழட்டிட்டுப் படுங்கோ."

திரும்பி வரும்போது பஸ் முழுக்க அதையே யோசித்தேன். அது என்னத்துக்கு என்று அவன் கேட்டது உண்மையாகவா, அல்லது அப்படிக் கேட்கப் பழக்கியிருக்கிறார்களா? நீ சிரிப்பாய். சிரி.

சுமித்திரா


கண்டி
25 மே 2024

அக்கா,

சிரிக்கவில்லை.

படத்தைப் பார்த்தேன். கட்டி நடுச்செவிக்குள்ளேயே இருக்கிறது. கீழே உள்ள எலும்புத் தட்டு முழுதாக இருக்கிறது. பெரிய நாளத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. இரண்டு நாள் அந்த எலும்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 18, யாழ்ப்பாணத்தில். காதுத் துவாரம் வழியாகவே போவார்கள். பறையை ஒரு ஓரத்தில் மடித்துத் தூக்கி, கட்டியின் இரத்தக் குழாய்களைச் சுட்டு அடைத்து, பிறகு எடுப்பார்கள். முக நரம்பு பக்கத்திலேயே ஓடுகிறது. காது கேட்பது கொஞ்சம் குறையலாம். நாக்கில் ருசி மாறலாம். கழுத்துத் துண்டைத் தொட மாட்டார்கள். அது இருந்த இடத்தில் இருக்கும்.

ஒரு விஷயம். மயக்க மருந்துக்கு முன்னால் கணவனையும் உள்ளே கூப்பிட்டு, படத்தை வெளிச்சத்தில் வைத்து விளக்குவார்கள். அந்த டொக்டர் எல்லாவற்றையும் விரல் வைத்துக் காட்டுபவர். வெள்ளைப் புள்ளியையும் காட்டுவார்.

இந்தக் கடிதத்தைத் தொழிற்சாலை விலாசத்துக்கு அனுப்புகிறேன். நான் சொல்ல வேண்டுமா அத்தானிடம்? நீங்கள் சொல்கிறீர்களா?

தர்மிளா


உடையார்கட்டு
30 ஜூன் 2024

தர்மிளா,

நீ சொல்லியிருக்க முடியாது. அவர் உன்னை இன்னும் மன்னிக்கவில்லை.

போவதற்கு முதல் நாள் சொன்னேன். லாண்ட்மாஸ்டருக்கு அடியில் படுத்து ஏதோ பூட்டிக்கொண்டிருந்தார். முகம் தெரியாத இடம் என்பதால் அங்கே போய்ச் சொன்னேன். ஸ்பானர் முறுக்கும் சத்தம் நின்றது.

"அந்தக் கார்மென்ட்ஸ் பிள்ளைக்கு ஏன் ஒருக்காலும் பேரில்லை எண்டு யோசிச்சனான்," என்றார். பிறகு, "கொம்மாவுக்குத் தெரிஞ்சிருந்ததோ?"

"ஓம்."

"தங்கச்சிக்கு?"

"இப்பத்தான்."

"அப்ப நான் கடைசி."

ஸ்பானர் சத்தம் மறுபடி தொடங்கியது. வருவாரோ என்று தெரியாமல் விடிய வெளிக்கிட்டேன். பஸ் நிற்கும் இடத்தில் நின்றார், வெள்ளைச் சேட்டோடு. பஸ்ஸில் எனக்குப் பின் சீற்றில் இருந்தார்.

டொக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்தார். நீ எழுதியபடியே விரலை வைத்துக் காட்டினார். இது கட்டி. இது நரம்பு. "இது ஷெல் துண்டு. இதை நாங்கள் தொடமாட்டம். எப்ப பட்டது?"

நான் வாயைத் திறக்க முதல் அத்தான் சொன்னார்: "சனத்தோட ஓடி வரேக்க பட்டது, டொக்டர். தாயோட நிண்டவ."

டொக்டர் அடுத்த படத்துக்குப் போனார். அத்தான் என்னைப் பார்க்கவில்லை. அவருடைய கழுத்தால் வியர்வை ஓடியது. என்னைக் காப்பாற்றினாரா, இப்படி ஒருத்தியைக் கட்டிய தன்னைக் காப்பாற்றினாரா என்று இன்னும் தெரியவில்லை. அம்மாவைவிட வடிவாகச் சொன்னார். அது எனக்குப் பயமாக இருந்தது.

மயக்கம் தெளிந்து எழும்பியதும் நேர்ஸ் மிஸி பல்லைக் காட்டச் சொன்னா, கண்ணை இறுக்கி மூடச் சொன்னா. முகம் இரண்டு பக்கமும் வேலை செய்தது. கட்டியைப் போத்தலில் காட்டினார்கள். கடலைப் பருப்பு அளவு. இதற்கா இவ்வளவு. நாக்கின் வலது பக்கம் தேத்தண்ணி துருப் பிடித்த மாதிரி இருக்கிறது. மாறும் என்கிறார்கள்.

நடை நின்றுவிட்டது. பஞ்சு எடுத்த பிறகும் இல்லை. இப்போது வேறு சத்தங்கள் கேட்கின்றன. படலைக்கு முன்னால் மோட்டார் சைக்கிள் ஒன்று மெதுவாகிப் போவது. முன்னர் இதெல்லாம் எனக்குக் கேட்டதே இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகும் அத்தான் அதிகம் கதைக்கவில்லை. கேள்விகள் மட்டும். சோறு போடும்போது ஒன்று, கிணற்றடியில் ஒன்று. ஆரோட நிண்டனி? வேற ஆருக்குத் தெரியும்? வேற என்ன இருக்கு, நான் தெரிஞ்சுகொள்ளாதது? எல்லாவற்றுக்கும் உள்ளதைச் சொல்கிறேன். நம்புகிறாரா என்று தெரியவில்லை.

இன்று பின்னேரம் கதிரையை இழுத்து எனக்குப் பின்னால் போட்டு உட்கார்ந்தார்.

"காட்டு," என்றார்.

பின்னலை முன்னால் எடுத்துவிட்டு, மயிரை விலக்கிக் காட்டினேன். விரலை வைத்தார். கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

பிறகு எழும்பிப் போய் உலை வைத்தேன்.

சுமித்திரா